போன் சொல்லும் செடியின் பெயரை நம்பலாமா?



போன மாரி காலத்தில் ஒரு பின்னேரம், லயத்துப் பக்கம் போயிருந்த நேரம் ஒரு தாய் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எங்க பொண்ணு போனை செடிக்கு நேரா புடிக்கிறா. ஒடனே அதுக்குப் பேர் வந்துருது. அது நல்ல கீரைன்னு சொன்னா பறிச்சு ஆக்கலாமுங்களா?"

பிள்ளை பக்கத்திலேயே நின்றாள். பத்தாம் ஆண்டு படிக்கிறவள். கையில் தகப்பனின் போன். வேலியோரம் நின்ற செடி ஒன்றுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். திரையில் செடி தெரிந்தது. அதற்கு மேல் எழுத்தாய் ஒரு பெயரும் வந்தது. அங்கு நின்ற எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கும்தான்.

தாயின் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில்: "இல்லை அம்மா, போன் சொல்லுது எண்டு எதையும் சட்டியில் போட வேண்டாம். ஆனா பிள்ளை செய்யுறது நல்ல வேலை. அதை நிப்பாட்டவும் வேண்டாம்." ஏன் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இது என்ன வித்தை?

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கமரா காட்டும் காட்சிக்கு மேலே கணனி ஒரு எழுத்தையோ படத்தையோ ஒட்டிக் காட்டுகிறது. இதை ஓக்மன்டட் ரியாலிட்டி என்கிறார்கள். தமிழில் மிகை மெய் என்று எழுதுகிறார்கள். மெய்யாக முன்னால் இருக்கிற பொருளுக்கு மேல் இன்னொரு தகவலை மிகையாகச் சேர்த்துக் காட்டுவதால் அந்தப் பெயர். 2016 ஆம் ஆண்டு போக்கிமோன் கோ என்ற விளையாட்டு வந்தபோது, வீதியில் ஏதோ ஒரு பிராணி நிற்பதுபோல் போன் திரையில் தெரிந்ததே, அதுவும் இந்த வகைதான்.

விளையாட்டில் காட்டியது பொய்ப் பிராணி. செடி விசயத்தில் முன்னால் நிற்பது உண்மையான செடி. அதன் பெயரை மட்டும் போன் சொல்கிறது. அந்தப் பெயர் சரியா, பிழையா என்பதுதான் எங்கட கேள்வி.

செய்தவர்கள் யார்?

இதைத் தொடக்கியவர்களில் பலர் மாணவர்கள். இது எங்கட பிள்ளைகள் கவனிக்க வேண்டிய விசயம். 2008 ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நேட் அக்ரின், ஜெசிக்கா க்ளைன், கென்-இச்சி உவேடா என்ற மூன்று மாணவர்கள் முதுமாணிப் பட்டத்துக்கான கடைசி வேலையாக ஐநெச்சுரலிஸ்ட் என்பதைச் செய்தார்கள். செடியையோ பூச்சியையோ பறவையையோ கண்டால் படம் எடுத்துப் போடலாம். தெரிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். தொடக்கத்தில் பெயர் சொன்னது மனிதர்கள்தான், கணனி இல்லை. இப்படி ஊர் ஊராக ஆட்கள் போட்ட படங்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தன. 2017 ஆம் ஆண்டு தொடக்கம் அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கணனியும் பெயர் சொல்லத் தொடங்கியது.

2011 ஆம் ஆண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகம், மேரிலண்ட் பல்கலைக்கழகம், ஸ்மித்சோனியன் நிறுவனம் மூன்றும் சேர்ந்து லீஃப்ஸ்னப் என்ற செயலியை வெளியிட்டன. ஒரு இலையை வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்தால் அது மரத்தின் பெயரைத் தேடிச் சொன்னது. ஆனால் அது அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கத்து மரங்களுக்கானது, அதுவும் 185 வகைதான். எங்கட பூவரசம் இலையை அதற்குக் காட்டியிருந்தால் என்ன நடக்கும்? அதற்குத் தெரிந்த அந்நிய மரம் ஒன்றின் பெயரைத்தான் சொல்லும். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

2013 இல் பிரான்சு நாட்டு ஆய்வு நிறுவனங்கள் பிளான்ட்நெட் என்ற செயலியை வெளியிட்டன. 2018 இல் ஐநெச்சுரலிஸ்ட் ஆட்கள் பிள்ளைகளுக்கென்று சீக் என்ற செயலியை வெளியிட்டார்கள். சீக் செயலியில் படம் எடுக்கவே தேவையில்லை. கமராவைச் செடிக்கு நேரே பிடித்தால் போதும். முதலில் "தாவரம்" என்ற அளவில் சொல்லும். பிறகு குடும்பம், அதன் பின் இனம் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வரும். நிச்சயம் இல்லாவிட்டால் குடும்பத்தோடு நின்றுவிடும். பிள்ளையின் பெயர், ஈமெயில் எதுவும் பதியச் சொல்லாது. ஒருமுறை போனில் ஏற்றிவிட்டால் டேட்டா இல்லாமலே பெயர் சொல்லும். நாட்சம்பளக் குடும்பத்துக்கு இது பெரிய உதவி.

போனுக்கு எப்படித் தெரியும்?

சின்னப் பிள்ளைக்குத் தென்னையையும் பனையையும் எப்படிப் பழக்குகிறோம்? "இது தென்னை, இது பனை" என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறோம். சிறிய தென்னை, பெரிய தென்னை, சாய்ந்த தென்னை, குலை தள்ளிய தென்னை எல்லாம் பார்த்த பிறகு பிள்ளை தானாகச் சொல்லும். கணனிக்கும் இப்படித்தான் பழக்குகிறார்கள். ஒரு செடிக்குச் சுமார் 100 படமாவது காட்டினால்தான் அது ஓரளவு பழகும். ஆயிரம் காட்டினால் இன்னும் நல்லது.

இதிலிருந்து இரண்டு விசயம் விளங்கும்.

முதலாவது, யாரும் படம் போடாத செடி போனுக்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் செயலி சில. தெரிந்த செடிகளில் கிட்டத்தட்ட அதுபோல் இருக்கிற ஒன்றின் பெயரைச் சொல்லிவிடும் செயலிகள் பல. இரண்டாவது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படம் போடுகிறவர்கள் ஏராளம். அந்த நாட்டுச் செடியைப் போன் நன்றாகச் சொல்லும். எங்கட வாவிக்கரைப் பற்றைக்குள் நிற்கும் செடிக்குப் படம் போட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். இங்கே அது தடுமாறும்.

நல்ல நாட்டிலேயே எவ்வளவு சரி என்று கேட்பீர்கள். 2023 ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில் அயர்லாந்தில் வளரும் 38 வகைச் செடிகளை ஆறு செயலிகளுக்குக் காட்டிச் சோதித்தார்கள். மிகத் திறமான செயலிகள் நூற்றுக்கு 80 முதல் 88 வரை சரியாகச் சொல்லின. மற்றவை அதைவிடக் குறைவு. பூவைக் காட்டினால் சரியான விடை கூடுதலாக வந்தது, இலையை மட்டும் காட்டினால் குறைந்தது. நூற்றுக்கு 88 என்பது சோதனையில் நல்ல புள்ளிதான். ஆனால் எட்டுக் கீரையில் ஒன்று பிழை என்றால் அந்தக் கறியை யார் சாப்பிடுவார்கள்?

எங்கட வாவிக்கரையில் நாலு மரம்

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமும் கடலோடு சேர்கிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் இந்தத் தண்ணீரில் எல்லாச் செடியும் உயிர் வாழாது. கண்டல் கூட்டத்து மரங்கள்தான் தாக்குப் பிடிக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. இலையை மட்டும் படம் எடுத்தால் போனும் குழம்பும். ஆனால் வேரையும் காயையும் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கண்டல்: தண்ணீர் ஓரத்தில் நிற்கும். தண்டிலிருந்து வில்லுப்போல் வளைந்து சேற்றில் குத்தும் முட்டு வேர்கள் இருக்கும். இலை நுனியில் சின்ன ஊசி. விதை மரத்திலேயே முளைத்து நீளமாக, முருங்கைக்காய் போல் தொங்கும்.

கண்ணா: சில ஊரில் வெண்கண்டல் என்பார்கள். மரத்தைச் சுற்றிச் சேற்றுக்குள் இருந்து பென்சில் நட்டுவைத்தது போல் வேர்கள் மேலே எழும்பும். அது சேற்றுக்குள் காற்று எடுக்கும் வழி. இலையின் கீழ்ப்பக்கம் வெளிறி இருக்கும். வெயில் நேரம் இலையில் உப்புப் படிந்திருக்கும்.

கிண்ணை: சிங்களத்தில் கிரல என்பார்கள். நன்னீர் கூடின பக்கத்தில் நிற்கும். வேர் தடிப்பாகக் கூம்புபோல் எழும்பும். உருண்டைக் காய்க்கு அடியில் நட்சத்திரம் போல் ஒரு தட்டு இருக்கும்.

தில்லை: கொஞ்சம் மேட்டுப் பக்கத்தில் நிற்கும். முட்டு வேரும் இல்லை, பென்சில் வேரும் இல்லை. விழப்போகும் இலை சிவப்பாக மாறும். மற்ற மூன்றிலும் இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே இருக்கும். தில்லையில் ஒன்று மாறி ஒன்றாக இருக்கும். கொப்பை முறித்தால் வெள்ளைப் பால் வரும். ஆனால் முறித்துப் பார்க்கவே வேண்டாம்.

ஏன் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். விறகு பொறுக்கப் போகும் பிள்ளைகளைப் பார்த்து பெத்தாமார், "தொடாத மனே, தில்லைப் பால் கண்ணில பட்டா கண்ணே போயிரும்" என்று கத்துவார்கள். இங்கிலிஷ்காரர்களும் இந்த மரத்துக்குக் கண்ணைக் குருடாக்கும் மரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிவு வந்து பார்வையும் மங்கும். தில்லை விறகை அடுப்பில் வைத்தால் புகையும் கண்ணுக்குக் கூடாது.

எங்கட தொழிலாளர் குடும்பங்களில் பலர் 1977 ஆம் ஆண்டுக் கலவரத்திலும் 1983 ஆம் ஆண்டுக் கலவரத்திலும் மலைநாட்டை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தேயிலைக்கு நடுவில் வளர்ந்த சந்ததிக்கு வாவிக்கரை புதிது. தில்லையைச் சொல்லிக் கொடுக்க அவர்களுக்கு இங்கே பாட்டி இருக்கவில்லை. பட்ட பிறகுதான் படித்தார்கள். கண் வீங்கின பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். போனைக் கண்டு நான் சந்தோசப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சரியாகப் பழக்கினால், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத வீட்டிலும் அது ஒரு எச்சரிக்கை சொல்லும்.

மரத்தை அறியாமல் செய்தால் வேலையும் வீண் போகும். 2004 ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரம் எங்கும் கண்டல் நட்டார்கள். அந்த வேலையை ஆராய்ந்து 2017 இல் ஒரு அறிக்கை வெளிவந்தது. பார்த்தது 23 இடங்கள். அதில் 9 இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை. ஆயிரம் ஹெக்டயருக்கு மேல் நட முயன்றும் 200, 220 ஹெக்டயர்தான் சரிவந்தது. தண்ணீர் ஏறி இறங்கும் அளவைப் பார்க்காமல் பிழையான இடத்தில் நட்டது ஒரு காரணம். நட்ட பிறகு கவனிக்காதது இன்னொன்று. மாடு மேய்ந்ததும் உண்டு. எந்த மரம் எந்த இடத்தில் நிற்கும் என்று கரையில் வாழ்கிறவனைக் கேட்டிருந்தால் எவ்வளவோ கன்று தப்பியிருக்கும்.

போனால் பார்க்க முடியாதது

இன்னொரு செடியைச் சொல்கிறேன். கார்த்திகைப்பூ. மாரி மழைக்கு முளைத்து, வேலியில் ஏறி, சிவப்பும் மஞ்சளுமாக நெருப்புப்போல் பூக்கும். சிங்களத்தில் நியங்கலா என்பார்கள். பூத்து நிற்கும் நேரம் போனைப் பிடித்தால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஏனென்றால் அழகான பூ, உலகமெல்லாம் படம் எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் கோடை வந்ததும் கொடி காய்ந்து போகும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் மிஞ்சும். நிலம் கொத்தும்போது அது வெளியே வரும். வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு ஆபத்துக்குள்ளானவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். அதில் இருக்கும் நஞ்சின் பெயர் கொல்ச்சிசின். சில மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பிறகு உள்ளுறுப்புகள் பழுதாகும். உயிரும் போகலாம். அவித்தாலும் நஞ்சு போகாது.

கழுவி வைத்த கிழங்குக்கு நேரே போனைப் பிடித்தால் என்ன சொல்லும்? பூவும் இல்லை, இலையும் இல்லை. அது ஊகிக்கத்தான் முடியும். ஆனால் எங்கட முன்னோர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், கலப்பைக் கிழங்கு. கிழங்கு கலப்பை போல் வளைந்து கவர்விட்டு இருப்பதால் அந்தப் பெயர். பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. இலை இருக்கும் காலத்தில் இன்னொரு அடையாளம் உண்டு. இலை நுனி கம்பிபோல் சுருண்டு பக்கத்துக் கொப்பைப் பிடித்திருக்கும். வத்தாளைக்கு அப்படி இருக்காது.

அதுபோல வேலிக்கு நடும் காட்டாமணக்கு. காய் வெடித்தால் உள்ளே கறுப்பு விதை. கச்சான் போல ருசியாக இருக்கு என்று பிள்ளைகள் கூட்டமாய்த் தின்று, கூட்டமாய் ஆஸ்பத்திரிக்குப் போவது நடக்கிறது. இதற்குப் போன் தேவையில்லை. வேலியைக் காட்டி ஒரு தரம் சொல்லிக் கொடுத்தால் போதும்.

பெயர்கள் எங்கே இருக்கின்றன?

பேராதனைப் பூங்கா 1821 இல் தொடங்கப்பட்டது. அதன் பணிப்பாளராக இருந்த ஹென்றி டிரைமன் என்பவர் இலங்கைச் செடிகளைப் பற்றிய பெரிய நூலை 1893 இல் வெளியிடத் தொடங்கினார். 1896 இல் அவர் காலமாகிவிட, ஜோசப் ஹூக்கர் அதை 1900 இல் முடித்துவைத்தார். அந்த நூலில் செடியின் லத்தீன் பெயரோடு சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் போட்டிருக்கிறது. அந்தத் தமிழ்ப் பெயர்கள் ஊர்ச் சனத்தின் வாயிலிருந்து வந்தவை.

இப்போது பிள்ளையின் போனில் வருவது லத்தீன் பெயர், இல்லாவிட்டால் இங்கிலிஷ் பெயர். தமிழ்ப் பெயர் சில செடிக்கு இருக்கிறது, பலவற்றுக்கு இல்லை. இருக்கிறதிலும் இந்தியப் பெயரே கூட. அங்கே கீழாநெல்லி, இங்கே கீழ்க்காய்நெல்லி. அங்கே முடக்கத்தான், இங்கே முடக்கொத்தான். எங்கட தோட்டங்களுக்குள்ளேயே மலைநாட்டிலிருந்து வந்த ஆச்சி ஒரு பெயர் சொல்வார், வாவிக்கரைப் பெத்தா இன்னொரு பெயர் சொல்வார். இரண்டும் பிழை இல்லை. ஆனால் பெயரை மட்டும் நம்பினால் ஆள் ஏமாறும். அதனால்தான் பெயரோடு அடையாளமும் வேண்டும்.

இந்த இரண்டு கிழவிகளும் போன பிறகு அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் இருக்காது. ஐநெச்சுரலிஸ்டில் ஒரு வசதி இருக்கிறது. பதிவு செய்த எவரும் செடிக்குத் தங்கள் மொழிப் பெயரைச் சேர்க்கலாம். எங்கட பிள்ளைகள் சேர்த்தால் அடுத்த தடவை யாரோ ஒரு பிள்ளை போனைப் பிடிக்கும்போது "தில்லை" என்றே வரும்.

எங்கட பிள்ளைகளும் செய்யலாம்

பாடசாலைகளில் இப்போது தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடம். விஞ்ஞான ஆசிரியரையும் அந்த ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு பிள்ளைகள் தங்கள் ஊர்ச் செடிக்கு ஒரு செயலி செய்து பார்க்கலாம். பெர்க்லியில் மூன்று பேர் செய்ததும் படிப்புக்கான ஒரு வேலைதான். வழி இது:

1. முதலில் ஒரு கொப்பி போதும். தோட்டத்திலும் வாவிக்கரையிலும் 20 செடியைத் தெரிவுசெய்து எழுதுங்கள். நஞ்சுச் செடிகள் கட்டாயம் பட்டியலில் இருக்கட்டும்.

2. ஒவ்வொரு செடிக்கும் முழு மரம், இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், பூ, காய், பட்டை, வேர் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். ஒரே மரத்தை நூறு தரம் எடுப்பதில் பயன் இல்லை. வேறு வேறு மரம், வேறு வேறு நாள், வெயிலிலும் மப்பிலும் எடுக்க வேண்டும். தில்லையைத் தொடாமல் தள்ளி நின்று எடுங்கள்.

3. ஒரு செடிக்குக் குறைந்தது மூன்று பெரியவர்களிடம் பெயர் கேளுங்கள். யார் எந்தப் பெயர் சொன்னார், எந்த ஊர் என்று எழுதுங்கள். அந்தச் செடியால் வரும் ஆபத்தையும் கேளுங்கள்.

4. பெயரை உறுதிப்படுத்துங்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கிறார்கள், விவசாய பீடமும் இருக்கிறது. பாடசாலை மூலம் கேட்டால் உதவி பெற முயற்சிக்கலாம். பேராதனையில் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் தேசியச் சேகரிப்பும் இருக்கிறது.

5. படங்களைக் கணனிக்குப் பழக்க கூகுள் நிறுவனத்தின் டீச்சபிள் மெஷின் என்ற இலவச வசதி இருக்கிறது. கணனி மொழி தெரியாதவர்களும் பாவிக்கலாம். செடிக்கு ஒரு பெட்டி என்று படங்களைப் பிரித்துப் போட்டால் அது பழகிக்கொள்ளும். கமராவைத் திறந்து செடியைக் காட்டினால் எந்தப் பெட்டிக்குரியது என்று சொல்லும். அந்தப் பெயரைக் கமராக் காட்சிக்கு மேலே ஒட்டிக் காட்டப் பழகுவது அதற்கு அடுத்த படி.

6. பழக்காத புதுப் படங்களைக் காட்டிச் சோதியுங்கள். எத்தனை சரி, எத்தனை பிழை என்று எண்ணி எழுதுங்கள். பிழையை மறைக்க வேண்டாம். நஞ்சுச் செடிக்கு நல்ல பெயர் சொன்னால் அந்தச் செயலியை வெளியே கொடுக்கக் கூடாது. நஞ்சுச் செடி வந்தால் சிவப்பு எழுத்தில் காட்டட்டும்.

மூன்றாவது படிதான் இதில் பெரியது. மற்றவற்றை வேறு நாட்டுக்காரனும் செய்வான். எங்கட கிழவன் கிழவியின் வாயிலிருந்து பெயரை எடுத்து வைப்பது எங்கட பிள்ளைகளால் மட்டும்தான் முடியும்.

பெற்றோருக்குச் சில சொல்

போன் சொன்ன பெயரை வைத்து எதையும் தின்னவோ, அரைத்துக் குடிக்கவோ, புண்ணில் பூசவோ வேண்டாம். அந்தச் செடியை நெடுநாள் பாவித்த பெரியவர் ஒருவர் நேரில் பார்த்துச் சொன்னால்தான் கீரை கீரையாகும்.

பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் வீட்டில் கைமருந்து செய்து நேரத்தைப் போக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். தின்ற செடியிலோ காயிலோ ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்குத்தருக்கு அந்தத் துண்டு பெரிய உதவி. வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

தில்லைப் பால் கண்ணில் பட்டால் கசக்க விடாதீர்கள். சுத்தமான தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கால் மணித்தியாலமாவது கழுவுங்கள். கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

படம் போடும் சில செயலிகளில் எடுத்த இடமும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுப் பக்கத்துப் படத்துக்கு இடத்தை மறைத்துப் போடப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வாவிக்கரைக்குத் தனியே அனுப்ப வேண்டாம். சேறும் உண்டு, முதலையும் உண்டு.

அன்று அந்தத் தாயோடு பேசி முடிந்ததும் பிள்ளையிடம் ஒன்று சொன்னேன். "மகள், போனை முதல்ல செடிக்குக் காட்டு. பிறகு போனையும் செடியையும் உங்கட ஆச்சிக்குக் காட்டு." அவள் அப்படியே செய்தாள். வாசலில் இருந்த ஆச்சி கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார், செடியையும் பார்த்தார். "இது என்னாடி பேரு, வாயில நொழைய மாட்டேங்குது" என்று சிரித்துவிட்டு, தனக்குத் தெரிந்த பெயரைச் சொன்னார். பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். எழுதின செடிப் பெயர்களை எங்கட நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வந்து காட்டினால், பார்த்துச் சேர்த்து வைப்பது என் பொறுப்பு.